பத்து இலக்கமும் முதல் பந்தியும்

எனக்குப் பத்து இலக்க எண்கள் இரண்டுதான் மனப்பாடம். ஒன்று என் செல்போன் எண். மற்றொன்றுக்கு யாரும் போன் போட முடியாது. அது மூன்றில் தொடங்குகிறது, மூன்றில் தொடங்கும் செல்போன் எண் நம் நாட்டில் கிடையாது. ஆனாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் என் வாயில் முதலில் வருவது அந்த இரண்டாவது எண்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பின்பக்கக் கொட்டகையில், பிரியாணி தம்மில் கிடந்த நேரத்துக்குள், என் அம்மாவும் அவளோடு தையல் மெஷினில் உட்கார்ந்த பெண்களும் அதைக் கண்டுபிடித்தார்கள். நானும் கூட இருந்தேன். நான்தான் கண்டுபிடித்தேன் என்று அப்புறம் பல வருஷம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அது வேறு விஷயம்.

முதலில் அந்தக் கம்பெனியின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் ஜனவரி முதல் தேதி மெஷின்கள் ஓடாது. முதலாளி ஆடு வாங்கிக் கொடுப்பார். வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகலாம். கொட்டகையில் இடம் கம்மி, எல்லோரும் ஒன்றாக உட்கார முடியாது. அதனால் தோலை வெட்டிக் கொடுக்கும் கட்டிங் பிரிவுக்கும், வெட்டியதைச் சேர்த்துத் தைக்கும் ஸ்டிச்சிங் பிரிவுக்கும் ஒரு போட்டி. ஜெயித்தவர்களுக்கு முதல் பந்தி. தோற்றவர்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார வேண்டும்.

கட்டிங்கில் எல்லோரும் ஆண்கள். ஸ்டிச்சிங்கில் எல்லோரும் பெண்கள். போட்டி, கயிறு இழுப்பது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது?

பெண்கள் பரிமாறிக் களைத்துக் கடைசிப் பந்தியில் உட்காரும்போது அண்டாவில் கறி இருக்காது. கறி இல்லாத பிரியாணிச் சோற்றுக்கு எங்கள் பக்கம் குஸ்கா என்று பெயர். "ஊருக்கெல்லாம் புது வருஷம்னா பிரியாணி, எனக்கு மட்டும் குஸ்கா" என்பாள் அம்மா. கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் முதல் பந்தியில் உட்கார்ந்ததில்லை.

என் மாமா, அம்மாவின் தம்பி, கட்டிங்கில் இருந்தார். எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். கலகலப்பான ஆள். அவர் இருக்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும், "அக்கா, தண்ணி" என்ற சத்தமும் கேட்கும். தண்ணீர்ப் பானை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் கேட்கும்.

அந்த வருஷம் டிசம்பரிலேயே அம்மா பேச்சை எடுத்துவிட்டாள். சோற்றைப் போட்டுக்கொண்டே மாமாவிடம், "ஒங்க ஆளுங்க கிட்ட சொல்லிடு. கயிறு இழுக்க நாங்க இன்னா மாடா? மூளைக்கு ஒரு போட்டி வைங்க, வர்றோம். இல்லன்னா இந்த வருஷம் எங்கள்ல ஒருத்தியும் கரண்டியத் தொட மாட்டா" என்றாள்.

மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். பிறகு மீசைக்குள்ளேயே சிரித்தார். "சரிக்கா, மூளைக்கே வெச்சிடலாம்" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். ராணிப்பேட்டையில் இருந்த ஒரு தோஸ்த் அவருக்கு ஒரு கணக்கை மெசேஜில் அனுப்பியிருந்தான். அதை வைத்துக்கொண்டு எங்கே கடை விரிக்கலாம் என்று மாமா ஏற்கெனவே அலைந்துகொண்டிருந்திருக்கிறார்.

ஜனவரி முதல் தேதி. கொட்டகைக்கு வெளியே அண்டா ஏறிவிட்டது. பிரியாணி போட வந்திருந்த சமையல்கார பாய் மூடியைப் போட்டு, ஓரத்தை மாவால் அடைத்து, மேலே தணலை அள்ளிப் பரப்பினார். மாமா ஒரு தட்டோடு வந்து பெண்கள் உட்கார்ந்திருந்த நீள மேசையில் வைத்தார். அதில் காசு அளவுக்கு வட்டமாக வெட்டிய பத்துத் தோல் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். தோலில் நம்பர் குத்தும் இரும்பு அச்சுகளைச் சுத்தியலால் தட்டிக் குத்தியிருந்தார்.

"பூஜ்யத்துலேர்ந்து ஒன்பது வரைக்கும் பத்தும் இருக்குது" என்றார் மாமா, ஏலம் விடுகிறவர் மாதிரி. "எல்லாத்தையும் ஒரே வரிசையா வைக்கணும். மொத ரெண்டும் சேந்தா ரெண்டால வகுபடணும். மொத மூணும் சேந்தா மூணால வகுபடணும். மொத நாலு, நாலால. மொத அஞ்சு, அஞ்சால. இப்படியே போயி, பத்தும் சேந்து பத்தால வகுபடணும். எங்கயும் மீதி நிக்கக் கூடாது. செல்லு தொடக் கூடாது, கால்குலேட்டர் கெடையாது. பாய் தம்மத் தொறக்கறதுக்குள்ள வெச்சிடணும்."

"எத்தினி விடைடா இருக்குது இதுக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"பத்தையும் முப்பத்தாறு லட்சம் விதமா மாத்தி மாத்தி வைக்கலாம்க்கா. அதுல ஒண்ணே ஒண்ணுதான் சரி. நிதானமா தேடுங்க, ஒண்ணும் அவசரமில்ல."

கட்டிங் ஆட்கள் மேசையைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். ஒருவர், "கரண்டியெல்லாம் கழுவி வெச்சிருக்கம்மா" என்று குரல் கொடுத்தார். அம்மா பாயைப் பார்த்தாள். பாய் கையை விரித்துவிட்டார். "என்னப் பாக்காதீங்கம்மா. நான் யாருக்கும் பார்ஷியாலிட்டி பண்ண மாட்டேன். அரிசி எப்ப சொல்லுதோ அப்பத்தான் டைம்."

முதல் கொஞ்ச நேரம் பேஜாராகப் போனது. ஆளாளுக்கு ஒரு துண்டை எடுத்து வைக்க, இன்னொருத்தி அதை நகர்த்த, மேசையில் கைகள்தான் தெரிந்தன. அப்போது நான் நாலாம் வகுப்பு. பத்தால் வகுபட வேண்டுமென்றால் கடைசியில் பூஜ்யம் வர வேண்டும் என்பது எனக்கே தெரியும். கூட்டத்துக்குள் தலையை நுழைத்துப் பூஜ்யத்தை எடுத்துக் கடைசியில் வைத்தேன். "அஞ்சால வகுபடணும்னா கடைசில அஞ்சு இல்ல பூஜ்யம் வரணும். பூஜ்யந்தான் போயிடுச்சே. அப்ப அஞ்சாவது எடத்துல அஞ்சுதான்" என்றும் சொன்னேன். திமிரியிலிருந்து வேலைக்கு வரும் அக்கா ஒருத்தி என் கன்னத்தைக் கிள்ளி, "பாருடி, இது நம்ம கம்பெனிக்கு வர்ற ஆளில்ல, கலெக்டர் ஆபீசுக்குப் போற ஆளு" என்றாள். அந்தக் கிள்ளல் எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது.

அடுத்ததைச் சொன்னவள் அம்மா. "ரெண்டு, நாலு, ஆறு, எட்டு இதெல்லாம் ஜோடி சேர்ற நம்பர். ரெண்டாவது, நாலாவது, ஆறாவது, எட்டாவது எடத்துல ஜோடி நம்பர்தான் நிக்க முடியும். இல்லன்னா ரெண்டாலயே போகாதே, நாலால எங்க போவும்? அப்ப ஒத்த நம்பருங்க மீதி எடத்துக்குப் போயிடும்." சொல்லிக்கொண்டே துண்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்தாள். ஷூ கம்பெனியில் ஜோடியையும் ஒத்தையையும் பிரிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். "எல்லாரும் எதுக்கு ஒரே துண்டப் புடிச்சி இழுக்கறீங்க? லைன் போடுங்கடி."

கம்பெனிக்குள் லைன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு ஷூவின் மேல்பாகத்தை ஒருத்தியே முழுசாகத் தைப்பதில்லை. பெண்கள் வரிசையாக உட்காருவார்கள். முதல் ஆள் ஒரு துண்டைச் சேர்த்துத் தைத்துத் தள்ளுவாள், அடுத்தவள் இன்னொரு துண்டைச் சேர்ப்பாள், கடைசிக்குப் போகும்போது முழுசாகி நிற்கும். சரியில்லாததை நடுவிலேயே ரிஜெக்ட் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அம்மா அந்த எண்ணையே ஒரு ஷூ மாதிரி தைக்கச் சொன்னாள்.

ஷூ அட்டைப் பெட்டிகளைக் கிழித்துச் சீட்டு செய்தார்கள். தோலில் குறி போடுகிற வெள்ளி மை பேனாக்கள் வந்தன. வரிசையின் தலையில் அம்மா உட்கார்ந்து, ஒத்தை, ஜோடி, ஒத்தை என்று மூன்று எண்களாக எழுதித் தள்ளினாள். மூன்றுக்கு ஒருத்தி, மூன்றையும் கூட்டிப் பார்த்து மூன்றால் போனால் பாஸ். நாலுக்கு ஒருத்தி, நாலாவது எண்ணைச் சேர்த்துக் கடைசி இரண்டை மட்டும் வகுத்துப் பார்ப்பாள். ஐந்தாவதாக ஐந்தைச் சும்மா எழுதிவிட்டு ஆறுக்கு ஒருத்தி. ஏழுக்குத் திமிரி அக்கா. அப்புறம் எட்டு. ஒன்பதுக்கு வாணியம்பாடியிலிருந்து வரும் அக்கா ஒருத்தி உட்கார்ந்தாள். மெஷின் லைனில் பெல்ட் ஓடும், இங்கே பெல்ட் இல்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் சீட்டைக் கொண்டுபோன பெல்ட் நான்தான்.

"மூணு பாஸ்!"

"நாலுல ரிஜெக்ட்!"

"ஏ பெல்ட்டு, சீக்கிரம் ஓடு, அங்க கை சும்மா இருக்குது!"

ஆண்கள் முதலில் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு குறைந்தது. முப்பத்தாறு லட்சம் எங்கே, திமிரி அக்கா முன்னால் கிடந்த நாற்பது சீட்டு எங்கே. ஆனால் அந்த நாற்பதில்தான் லைன் நின்றுபோனது. மூன்றுக்குக் கூட்டிப் பார்த்தால் போதும், நாலுக்குக் கடைசி இரண்டைப் பார்த்தால் போதும். ஏழுக்கு எங்கள் யாருக்கும் குறுக்கு வழி தெரியாது. ஏழு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போக வேண்டும். திமிரி அக்காவுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஏழு ஒரு சனியன்டி. இத எவன் கண்டுபுடிச்சான்?" என்றாள். வெளியே பாய் அண்டாவின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். மாமா இலைக் கட்டைப் பிரித்து, நல்ல இலையாகப் பார்த்துத் தனக்கென்று ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்.

அம்மா எழுந்து வந்தாள். குவிந்து கிடந்த சீட்டுகளைப் பார்த்தாள். லைனில் ஓர் இடத்தில் குவிந்தால் என்ன செய்வாளோ அதையே செய்தாள். எட்டு பார்க்க உட்கார்ந்திருந்தவளின் நாற்காலியைப் பிடித்து இழுத்து ஏழுக்கு முன்னால் போட்டாள்.

மாமா ஓடி வந்தார். "அக்கா, அக்கா, இது அழுகுணி ஆட்டம். ஏழு பாத்துட்டுத்தான் எட்டு."

"பாஸாகற நம்பர் ரெண்டுலயும் பாஸாகணுமா இல்லியா?"

"ஆகணும்."

"அப்ப எத மொதல்ல பாத்தா ஒனக்கு இன்னாடா? நீ போயி எலய எண்ணு."

எட்டு சுலபம். அதற்குக் கடைசி மூன்று எண்களைப் பார்த்தால் போதும், அதிலும் எட்டாவது இடத்துக்கு மிச்சமிருந்த ஜோடி எண் ஒன்றே ஒன்றுதான். எட்டுக்காரி சீட்டுகளை வாங்கி வாங்கி ரிஜெக்ட், ரிஜெக்ட் என்று தரையில் போட்டாள். நாற்பதில் முப்பது போய்விட்டது. பத்துச் சீட்டுகள்தான் திமிரி அக்காவிடம் திரும்பின. ஒருத்தி எதற்கு என்று நாலைந்து பேர் பிரித்துக்கொண்டார்கள். மேசையில் ஏழாம் வாய்ப்பாடு மந்திரம் மாதிரி முணுமுணுப்பாக ஓடியது.

வாணியம்பாடி அக்கா மட்டும் வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். "எனக்கு வேலையே இல்லியேடி" என்றாள். "ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும் எப்படி மாத்திப் போட்டுக் கூட்டினாலும் நாப்பத்தஞ்சுதான் வருது. நாப்பத்தஞ்சு ஒன்பதால போயிடுது. நான் கண்ண மூடிக்கினு பாஸ் போட வேண்டியதுதான்."

"ஏழுல ரிஜெக்ட்."

"இதுவும் ரிஜெக்ட். மீதி ரெண்டு."

பாய் இடுக்கியால் மூடியின் மேலிருந்த தணலைத் தள்ள ஆரம்பித்தார். கட்டிங் ஆட்கள் ஒவ்வொரு ரிஜெக்ட்டுக்கும் ஓ என்று கத்தினார்கள். திமிரி அக்கா பேனாவின் பின்முனையைக் கடித்துக்கொண்டு, "ஏழஞ்சு முப்பத்தஞ்சு... ஏழுநாலு இருவத்தெட்டு..." என்று போய்க்கொண்டேயிருந்தாள். கடைசியில் "ஏழு ஒண்ணு ஏழு" என்றாள். சீட்டைத் திருப்பி அம்மா பக்கம் காட்டினாள். கீழே மீதி பூஜ்யம்.

எனக்கு நினைவிருக்கிறது, யாரும் கத்தவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் துண்டுகளை வைக்கப் பாய்ந்தார்கள். மூன்று, எட்டு, ஒன்று, ஆறு, ஐந்து, நான்கு, ஏழு, இரண்டு, ஒன்பது, பூஜ்யம். கடைசித் துண்டு மேசையில் உட்காரவும் மாவு அடைப்பு உடைந்து பிரியாணி வாசனை கொட்டகைக்குள் வரவும் சரியாக இருந்தது.

மாமா வந்து குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு சட்டென்று மலர்ந்தது. "நாலாவது எடத்துல ஒன்பது!" என்று கத்தினார். "தப்பு! தப்பு! மூவாயிரத்து எட்நூத்திப் பத்தொன்பது நாலால எங்கக்கா போவும்?" ஆண்கள் கைதட்டினார்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். நாலாவது துண்டில் ஒன்பது. ஒன்பதாவது துண்டிலும் ஒன்பது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தம்பியைக் கேட்டாள்:

"நம்பர் அச்சு செட்டுல எத்தினி அச்சுடா இருக்குது?"

பத்து இல்லை, ஒன்பதுதான். அந்தச் செட்டில் ஒன்பதுக்குத் தனி அச்சு கிடையாது. ஆறையே தலைகீழாகப் பிடித்துக் குத்துவார்கள். குழப்பம் வராமலிருக்க எண்ணுக்குக் கீழே ஒரு கோடு போட வேண்டும். மாமா கோடு போட மறந்திருந்தார். துண்டுகள் வட்டம் வேறு, எந்தப் பக்கம் மேல் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

"ரெண்டு ஒன்பதக் குடுத்துட்டு, ஆறே இல்லாம எங்கள ஆடச் சொன்னியா? இல்ல, இதுல ஒண்ணு ஆறா?"

"அது... ஆறு ஒண்ணு இருக்குதுக்கா."

"எங்க?"

அம்மா ஒரு விரலை நாலாவது துண்டின் மேல் வைத்து மெதுவாகச் சுழற்றினாள். ஒன்பது ஆறானது. அவ்வளவுதான். இந்த முறை கத்தினார்கள். அப்படி ஒரு கத்தல். வாணியம்பாடி அக்கா வேர்க்கடலைத் தோலை அள்ளிப் பூ மாதிரி எல்லோர் தலையிலும் தூவினாள். பாய்கூடக் கரண்டியை அண்டாவின் விளிம்பில் ஓங்கித் தட்டினார். பார்ஷியாலிட்டி பண்ண மாட்டேன் என்று சொன்னவர்தான்.

3816547290. வேண்டுமானால் நீங்களே பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்து வகுத்துப் பாருங்கள். பத்து இலக்கமும் பத்தால் போகும். பூஜ்யத்தை வெட்டினால் மிச்சமுள்ள ஒன்பதும் ஒன்பதால் போகும். அடுத்ததை வெட்டினால் எட்டு, எட்டால். வெட்ட வெட்ட அது கெட்டுப்போவதே இல்லை, கடைசியில் தனியாக நிற்கும் மூன்று வரைக்கும். முப்பத்தாறு லட்சத்தில் இந்தக் குணம் இந்த ஒன்றுக்குத்தான் இருக்கிறது. பிற்பாடு எத்தனையோ எண்களைப் பார்த்துவிட்டேன், வண்டி நம்பர், ரேஷன் கார்டு நம்பர் எதையும் விடாமல் வெட்டிப் பார்க்கிற வியாதியும் வந்துவிட்டது. எதுவும் மூன்று நாலு வெட்டுக்கு மேல் தாங்கியதில்லை.

பெண்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். மாமா எடுத்து வைத்திருந்த நல்ல இலையை அம்மா கேட்டு வாங்கி விரித்துக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிங் பிரிவு முழுசும் பரிமாறியது. அவர்களுக்குப் பரிமாறிப் பழக்கமில்லை. சோறு இலைக்கு வெளியே விழுந்தது, தயிர்ப் பச்சடி யாருடைய புடவையிலோ கொட்டியது. யாருக்கும் கோபமில்லை.

அம்மா முதலில் கறியைக் கேட்டாள். மாமா கொண்டுவந்து போட்டார். பிறகு கத்திரிக்காய்த் தொக்கு கேட்டாள். கொண்டுவந்தார். "இன்னும் கொஞ்சம்" என்றாள். போட்டார். அவர் நாலு இலை தள்ளிப் போனதும், "தம்பி, இங்க தொக்கு" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பி வந்தார். பந்தியின் அந்தக் கோடிக்குப் போனபிறகு, "தம்பி, தண்ணி" என்றாள். தண்ணீர் வந்தது. "தம்பி, தொக்கு." மறுபடியும் வந்தார். மாமாவின் சட்டை முதுகெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "போதும்மா, அதான் இவ்ளோ இருக்குதே" என்று முணுமுணுத்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, ஊரிலேயே பெரிய வீட்டுப் பெண்மணி மாதிரி, நிதானமாகச் சாப்பிட்டாள். அவ்வளவு மெதுவாக அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒரே யோசனை. இத்தனை நாளும் அம்மாவுக்குக் கத்திரிக்காய் என்றால் உயிர் போலிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. ஜெயித்ததற்கு அவளுக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு சந்தைக்குப் போய், அழுது அடம்பிடித்து, பை நிறையக் கத்திரிக்காய் வாங்கிவந்து அடுப்படியில் கொட்டினேன்.

அம்மா பார்த்தாள். "யாருடி இத இத்தினி வாங்கினது?"

"நான்தான். ஒனக்குத்தான்."

"எனக்கா? நான் எந்தக் காலத்துல கத்திரிக்கா தின்னேன்? ஒடம்பெல்லாம் அரிக்கும் எனக்கு. வாயிலயே வெக்க மாட்டேன்."

"அன்னிக்கு மாமாவக் கூப்ட்டுக் கூப்ட்டு வாங்கினியே?"

"அதத் தின்னேனா?"

யோசித்துப் பார்த்தேன். தின்னவில்லை. எழுந்தபோது தொக்கு முழுசும் இலையின் ஓரத்தில் மலை மாதிரி அப்படியே இருந்தது. அம்மா ஒரு கத்திரிக்காயைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பெரிய எண்ணைக் கடைசி இலக்கம் வரை வெட்டிப் பார்க்கத் தெரிந்தவள் நான். தின்னாத ஒன்றை ஒருத்தி எதற்காக அத்தனை தடவை கேட்டு வாங்க வேண்டும்? பெரியவர்களுக்குக் கணக்கே வராது என்று முடிவு செய்துகொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.